அப்பாவின் இருமல்

அப்பாவுக்கு இருமல் நோய் கிடையாது. ஆனால் இருமுவார். தோட்டத்து லைன் வீட்டிலிருந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துக்குப் போகிற பாதையில் ஏழு வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் பத்தடி முன்னால் நின்று, தொண்டையைச் செருமி, இரண்டு முறை இருமிவிட்டுத்தான் திரும்புவார். கூடவே நடக்கிற எனக்கு அப்போது எட்டு வயது. எல்லா அப்பாக்களும் வளைவில் இருமுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். கீழேயிருந்து லீவுக்கு வந்த பெரியம்மா இரண்டு நாள் பார்த்துவிட்டு அம்மாவைத் தனியே கூப்பிட்டு, "உன் வீட்டுக்காரருக்கு டி.பி. எதுவும் இருக்கான்னு பாருடி" என்றார். அம்மா சிரித்துவிட்டாள். "அது கரடிக்காக இருமுறதுக்கா."

எங்கள் ஊர் நீலகிரியில், கோத்தகிரிக்குக் கீழே. ஊர் என்பது ஒரு மரியாதைக்கு. இரண்டு வரிசை லைன் வீடு, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு பால்வாடி, சுற்றிலும் தேயிலை, அதற்கு அப்பால் சோலை. 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தால் தலைமன்னாரில் கப்பலேறி வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்பாயி அட்டன் பக்கத்து மலைகளில் சின்ன வயதிலிருந்து கொழுந்து பறித்தவள். அங்கே அவளுக்குத் தொல்லை கொடுத்த ஒரே பிராணி அட்டை. இலங்கையிலும் கரடி உண்டு. ஆனால் அது வில்பத்து, யால போன்ற வறண்ட தாழ்நிலக் காடுகளில்தான், தேயிலை விளையும் மலையில் இல்லை. அதனால் இங்கே வந்த புதிதில் ஒரு பனிக்காலையில் செடிகளுக்கு நடுவே யாரோ கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குனிந்து நிற்பதைப் பார்த்தபோது, அவளுக்குப் பயம் வரவில்லை. "யாருப்பா அது, பேரு சொல்லு" என்று அதட்டியிருக்கிறாள். கம்பளி நிமிர்ந்து பார்த்தது. பிறகு புதரை முறித்துக்கொண்டு ஓடிவிட்டது.

"கேட்டதாலதான் போச்சு. கேக்காம கிட்டப் போயிருந்தா நீயும் இல்ல, ஒங்கப்பனும் இல்ல" என்று அந்தக் கதையை முடிப்பாள். அப்பா அதற்கு முன்பே பிறந்தாயிற்று என்பதை நாங்கள் யாரும் எடுத்துச் சொன்னதில்லை.

எங்கள் கரடிக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர், அதை ஒரு சோம்பேறி என்று சொல்லும். அந்தப் பெயர் ஒரு தவறில் பிறந்தது. 1791-இல் ஜார்ஜ் ஷா என்ற இங்கிலாந்து விலங்கியலாளர் இதன் நீண்ட நகங்களையும் மேல்வரிசையில் இரண்டு முன்பற்கள் இல்லாததையும் பார்த்து, தென் அமெரிக்காவில் மரத்தில் தொங்கும் ஸ்லாத் என்ற சோம்பேறிப் பிராணியின் இனம் இது என்று எழுதிவிட்டார். இனம் பிறகு திருத்தப்பட்டது, பெயர் நின்றுவிட்டது. பல் இல்லாத அந்த இடைவெளி கரையானை உறிஞ்ச. நாசித் துவாரங்களை மூடிக்கொண்டு, உதட்டைக் குழாய் மாதிரி நீட்டி, புற்றுக்குள் ஊதி மண்ணைத் தள்ளி, பிறகு உறிஞ்சும். அந்தச் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். வேலை செய்யும்போது அது போடும் சத்தத்தில் நாம் வருவது அதற்குக் கேட்காது. மோப்பம் மட்டும் அபாரம், பார்வையும் சுமார்தான். காற்று எதிர்த்திசையில் அடித்தால் நாம் பக்கத்தில் வந்து நிற்கும்வரை அதற்குத் தெரியாது. தெரிந்த கணத்தில் நாம் அதன் முகத்துக்கு நேரே நிற்போம்.

அந்தக் கணத்தில் அது ஓடாது. புலியோடும் சிறுத்தையோடும் ஒரே காட்டில் லட்சக்கணக்கான வருஷம் பிழைத்த மிருகம். தேனுக்காக மரம் ஏறத் தெரியும்; ஆனால் உயிருக்கு ஆபத்தென்றால் மரத்தை நம்பாது, ஏனென்றால் சிறுத்தையும் ஏறும். ஆகவே திடுக்கிட்டால் முன்னால் பாயும். பின்னங்கால்களில் எழுந்து, மனிதனாக இருந்தால் முகத்தையும் தலையையும் குறிவைக்கும். நான்காம் வகுப்புப் பாடத்தில் இரண்டு நண்பர்களும் கரடியும் கதை வந்தபோது, மரத்தில் ஏறியவன் பிழைத்தான் என்று வாத்தியார் சொன்னதும், பின்வரிசையில் யாரோ "இது எந்தூருக் கரடி சார்?" என்று கேட்டான். வகுப்பு முழுக்கச் சிரித்தது. சார் சமவெளிக்காரர்.

எங்கள் லைனின் கடைசி வீட்டில் ஒரு தாத்தா இருந்தார். இடது கண் கிடையாது. கன்னத்திலிருந்து காதுவரை தையல் போட்ட தடம். குழந்தைகள் முதலில் அழும், பிறகு பழகிவிடும். நாங்கள் அவரைக் கேட்டுக் கேட்டு அந்தக் கதையை மனப்பாடம் செய்திருந்தோம். அன்றைக்குக் காலை பாட்டியோடு சண்டை. என்ன சண்டை என்பது ஒவ்வொரு முறையும் மாறும். கருவாடு ஒருமுறை, மச்சினன் கல்யாணம் ஒருமுறை. "கோவத்துல வாயத் தொறக்காம விறகுக்குப் போனேன். எப்பவும் பாட்டுப் பாடிக்கிட்டுப் போறவன். அன்னிக்குப் பாடல." உண்ணிச்செடிப் புதரைச் சுற்றி வந்தபோது அது இரண்டு எட்டில் இருந்தது. கீழே தள்ளியதும் அவர் செய்த ஒரே புத்திசாலித்தனம், குப்புறப் புரண்டு முகத்தை மண்ணில் புதைத்து, இரண்டு கையாலும் பிடரியைக் கோத்துப் பிடித்தது. அதற்குள் கரடியின் அடி ஒன்று முகத்தில் விழுந்துவிட்டது, கண் போயிற்று. ஆனால் மூக்கும் வாயும் மிச்சம். அது கொஞ்ச நேரம் முகர்ந்துவிட்டுப் போய்விட்டது.

கதையின் முடிவில் பாட்டி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: "சண்டைய முடிச்சிட்டுப் போயிருக்கலாம்ல." எங்கள் லைனில் புருஷன் பெண்டாட்டி சண்டைகள் காலை பெரட்டுக்கு முன் முடிந்துவிடும் வழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

சத்தம்தான் எங்கள் ஆயுதம் என்று அப்போது யாரும் சொல்லித்தரவில்லை. வாழ்க்கையே சத்தமாகத்தான் இருந்தது. பறிக்கிற பெண்கள் தனியாகப் போகமாட்டார்கள், வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வரிசையாகப் போவார்கள். கூடையின் பட்டை நெற்றியில், பேச்சு பக்கத்து வரிசைக்கு. கக்கூஸ் வெளியே இருந்த காலம். ராத்திரி போவதென்றால் ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் தண்ணீர் டின், டின்னைக் கல்லால் தட்டிக்கொண்டே. மழைக்காலத்தில் பேரிக்காய் பழுத்தால் மரத்தடிக்குப் போவது பொழுது நன்றாக விடிந்த பிறகு, அதுவும் நாலு பேராக. அப்பாயி வேறொரு பாதுகாப்பும் செய்திருந்தாள். ஊர் ஊராகக் கரடியைக் கூட்டிக்கொண்டு வந்தவனிடம் வாங்கிய கரடி முடியைத் தாயத்தில் அடைத்து என் இடுப்பில் கட்டினாள், பயம் தெளிய. கரடிக்குப் பயந்தவனுக்குக் கரடியையே கட்டிவிட்டார்கள் என்று எனக்குள் ஒரு குறை இருந்தது.

சிவபூஜையில் கரடி புகுந்தது என்ற சொலவடைக்கு, அந்தக் கரடி மிருகமல்ல, ஒரு வாத்தியம் என்று விளக்கம் சொல்வார்கள். எங்கள் ஊரில் விளக்கம் தேவைப்படவில்லை. மாரியம்மன் கோயில் கதவை உடைத்து உள்ளே போய் விளக்கில் இருந்த எண்ணெயை நக்கிவிட்டு, எண்ணெய் டப்பாவையும் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறது. ஒரு தடவை அல்ல. பால்வாடியின் சத்துமாவையும் விட்டு வைத்ததில்லை. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் இது இன்றும் வாடிக்கையான செய்தி. நான் சிறுவனாக இருந்தபோது அது எப்போதாவது நடந்தது. இப்போது அடிக்கடி. ஆள் இல்லாமல் விட்ட தேயிலைக்குள் உண்ணிச்செடி ஆளுயரம் வளர்ந்திருக்கிறது. அது கரடிக்கு வீடு. ரோட்டோரக் குப்பை அதற்குச் சாப்பாடு.

ஊரைவிட்டுப் போய்ப் படித்து, வேலை கிடைத்து, சியாட்டிலில் உட்கார்ந்தேன். ஆபீசில் நம் கரடிக் கதைகளைச் சொன்னால், திருநெல்வேலிக்கார நண்பன் ஒருவன், "மாப்ள நல்லா கரடி விடுறான்" என்பான். 2021 ஆகஸ்டில் அவனையும் இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவுக்குப் போனேன். கிரிஸ்லிக் கரடிகள் நிறைய உள்ள இடம்.

கலிஸ்பெல் என்ற ஊரில் இறங்கியதும் முதல் வேலை கரடி ஸ்ப்ரே வாங்குவது. விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது, ஆகவே எல்லோரும் அங்கேதான் வாங்குகிறார்கள். சின்ன தீயணைப்புக் குப்பி மாதிரி இருக்கும். உள்ளே மிளகாயின் காரச்சத்து. கடைக்காரர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்: பைக்குள் வைக்காதே, இடுப்பு வாரிலோ மார்பிலோ மாட்டு, பாதுகாப்பு முள்ளை எடு, கரடி பாய்ந்து வரும்போது சுமார் முப்பதடி தூரத்தில், கொஞ்சம் தாழ்த்திப் பிடித்து, அதற்கும் உனக்கும் நடுவே ஒரு மேகம் உண்டாகிறாற்போல அடி, சில விநாடிகளில் குப்பி காலியாகிவிடும். கூடாரத்தின் மேலும் உடம்பின் மேலும் கொசு மருந்து மாதிரி பூசிக்கொள்பவர்கள் உண்டாம், அதைச் செய்யாதே என்றார். நாங்கள் சிரித்தோம். அன்று மாலை வண்டி நிறுத்துமிடத்தில் எங்கள் திருநெல்வேலிக்காரன் முள் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன் பேர்வழி என்று ஒரு சிறு பீச்சு பீச்சினான். காற்று எங்கள் பக்கம். வரமிளகாயை வாணலியில் போட்டுக் கருகவிட்ட வீட்டில் நாலு பேர் மாட்டிக்கொண்டது போல அரைமணி நேரம் இருமினோம். அப்பா ஏழு வளைவுக்கு இருமியதையெல்லாம் ஒரே இடத்தில் இருமித் தீர்த்தேன்.

மறுநாள் ஐஸ்பெர்க் ஏரிப் பாதை. போய்வர 15 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பெண் ரேஞ்சர் நின்று எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்தார். கூட்டமாகப் போங்கள், ஓடாதீர்கள், பார்வை மறைகிற இடத்திலும் ஓடைச் சத்தம் உள்ள இடத்திலும் குரல் கொடுங்கள், கை தட்டுங்கள். பையில் கட்டித் தொங்கவிடும் சின்ன மணிகளை நம்பாதீர்கள். அந்தக் கிணுகிணுப்பு போதாது. மனிதக் குரல்தான் வேண்டும். அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கோத்தகிரி லைன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. அங்கே வெள்ளைக்காரர்கள் வளைவுக்கு வளைவு "ஹே பேர்!" என்று கத்திக்கொண்டு போகிறார்கள். எங்கள் நால்வருக்கும் கூச்சம். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருவன் "ஏய் கரடி, தள்ளு" என்றான். அப்புறம் வெட்கம் விட்டுப்போய், கரடியாய்க் கத்துவது என்று நம்மூரில் எதைச் சொல்கிறோமோ அதை நால்வரும் செய்தோம்.

ஒரு வளைவில் நான் என்னையறியாமல் நின்றேன். தொண்டையைச் செருமினேன். இரண்டு முறை இருமினேன். கொரோனாவின் இரண்டாவது வருஷம் அது. எதிரே வந்த ஒரு வயதான தம்பதி பாதையைவிட்டுப் புல்லில் இறங்கி, பத்தடி தள்ளி நின்று, மூக்கை மூடிக்கொண்டு நாங்கள் போகும்வரை காத்திருந்தார்கள். எந்தக் கரடியும் எனக்கு அவ்வளவு அவசரமாக வழிவிட்டதில்லை.

கிரிஸ்லியைப் பார்த்தது அன்று மதியம். எதிர்ச்சரிவில், முந்நூறு மீட்டர் இருக்கலாம், ஹக்கிள்பெரிப் புதர்களுக்குள் ஒரு தாய், இரண்டு குட்டி. தோளில் திமில் போன்ற மேடு நன்றாகத் தெரிந்தது. அந்தத் திமிலை வைத்துத்தான் கிரிஸ்லியையும் அங்குள்ள கறுப்புக் கரடியையும் பிரிக்கிறார்கள். நிறத்தை நம்ப முடியாது, கறுப்புக் கரடி பழுப்பாகவும் இருக்கும். பிரித்தறிவது படிப்புக்காக அல்ல. கிரிஸ்லி தற்காப்புக்காக மேலே விழுந்தால், முதுகுப்பையைக் கழற்றாமல் குப்புறப் படுத்துப் பிடரியைக் கையால் மூடி அசையாமல் கிடக்கவேண்டும். கறுப்புக் கரடி தாக்கினால் படுக்கக்கூடாது, கையில் கிடைத்ததை வைத்து அதன் முகத்தில் அடித்துப் போராடவேண்டும். கடைசி வீட்டுத் தாத்தா எந்தப் பூங்காவின் துண்டறிக்கையையும் படித்தவரில்லை. ஆனால் கிரிஸ்லிக்குச் சொல்வதை அப்படியே செய்திருந்தார்.

அந்தப் பூங்காவுக்கு இந்தப் புத்தி சும்மா வரவில்லை. 1967 ஆகஸ்ட் 13-ஆம் தேதி, ஒரே இரவில், பல மைல் இடைவெளியுள்ள இரண்டு முகாம்களில், இரண்டு வெவ்வேறு கிரிஸ்லிகள் பத்தொன்பது வயதுப் பெண்கள் இருவரைக் கொன்றன. பூங்கா தொடங்கியது 1910-இல். அதுவரை அங்கே கிரிஸ்லி ஒருவரையும் கொன்றதில்லை. அந்த இரண்டு இடங்களில் ஒன்றின் அருகே இருந்த மலைவிடுதியில் மிச்சம் மீதியைப் பின்பக்கம் கொட்டுவார்கள். தின்ன வரும் கரடியைப் பார்க்க விருந்தாளிகள் மாலையில் கூடுவார்கள். வேடிக்கையாக இருந்திருக்கும். அதற்குப் பிறகுதான் குப்பையைச் சுமந்துகொண்டே திரும்பவேண்டும், உணவை முகாமில் திறந்து வைக்கக்கூடாது என்ற விதிகள் இறுகின. பற்பசைகூடக் கூடாரத்துக்குள் கூடாது. இந்த வரலாற்றை அங்கே படித்துக்கொண்டு நின்றபோது, எங்கள் ஊர் டூரிஸ்டுகள் ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்தி பிஸ்கட்டை வீசிப் படம் எடுப்பதுதான் நினைவுக்கு வந்தது. இந்த விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது. பிஸ்கட் வீசியவன் அன்றிரவே மலையிறங்கிவிடுவான். பின்வாசலைத் திறக்கிற கிழவி அங்கேயே இருப்பாள்.

2023-இல் ஊருக்கு வந்தேன். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பழைய லைனுக்குக் கொஞ்சம் மேலே சின்ன வீடு கட்டியிருந்தார். சாயங்காலம் நடக்கக் கிளம்பியபோது டார்ச்சையும் தடியையும் நீட்டினார். "நான் கிரிஸ்லியையே பாத்தவன்ப்பா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டையும் கதவுக்குப் பின்னால் திரும்ப வைத்தார்.

ஆபீஸ் கால் ஒன்று இருந்தது. காதில் இயர்பட்ஸ், வெளிச்சத்தம் எதுவும் உள்ளே வராத ரகம். அதே பாதை, அதே ஏழு வளைவுகள். நான் மியூட்டில் இருந்தேன், அதாவது சத்தமே போடவில்லை. நாலாவது வளைவு தாண்டியதும் சிக்னல் போய் அழைப்பு துண்டிக்கப்பட்டது. எரிச்சலோடு ஒரு காதைக் கழற்றினேன்.

அடைத்துக்கொண்ட குழாயில் மோட்டார் தண்ணீர் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். உர்ர் என்று ஊதல், பிறகு நீண்ட உறிஞ்சல். சிறுவயதில் தூரத்திலிருந்து கேட்ட சத்தம். இப்போது தூரத்தில் இல்லை. இருபது எட்டு முன்னால், மண்சரிவில் தலையைச் செருகிக்கொண்டு, முதுகுமயிர் காற்றில் பிரிய, அது வேலையில் இருந்தது. காற்று அங்கிருந்து என் பக்கம். அதன் வாடைகூட வந்தது.

என் வாழ்நாள் முழுக்கக் கற்றது ஒன்றுதான், சத்தம் கொடு. இருமல் தொண்டைவரை வந்துவிட்டது. விழுங்கினேன். இருமுவது வளைவுக்கு முன்னால், வளைவு தாண்டியாயிற்று. அதற்கு என்னைத் தெரியவில்லை. இந்த நெருக்கத்தில் தெரியப்படுத்தினால் அது நிமிர்ந்து பார்க்கிற முதல் பொருள் என் முகமாக இருக்கும். இதையெல்லாம் நான் இப்படி வரிசையாக யோசித்ததாகச் சொன்னால் அது கரடி விடுவது. உண்மையில் யோசித்தது ஒன்றே: தாத்தாவின் கன்னம்.

முதுகைக் காட்டாமல் பின்னால் ஓர் எட்டு. உறிஞ்சல் தொடர்ந்தது. இன்னோர் எட்டு. ஊதும்போதும் உறிஞ்சும்போதும் காலை நகர்த்தினேன், அது மூச்சுவாங்க நிறுத்தும்போது நானும் நின்றேன். காலடியில் சில்வர் ஓக் சருகு. அத்தனை சருகு அந்தப் பாதையில் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வளைவு என்னை மறைக்க எத்தனை நேரம் ஆனதோ தெரியாது. மறைத்த பிறகும் இன்னும் ஐம்பது எட்டு பின்னாலேயே நடந்தேன். அதற்குப் பிறகு நின்று, தொண்டையைச் செருமி, இருமினேன்.

உறிஞ்சல் நின்றது. ஒரு உறுமல், குரைப்பு மாதிரி. உண்ணிச்செடி முறியும் சத்தம் ஓடைப்பக்கம் இறங்கி, கேட்காமல் போயிற்று.

தார்ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் இருமினேன், ரோட்டில் வளைவே இல்லாத இடத்திலும் இருமினேன். அப்பா வாசலில் டார்ச் அடித்துக்கொண்டு நின்றார். "எந்த வளைவு?" என்று மட்டும் கேட்டார். "நாலு" என்றேன். தலையாட்டினார். அம்மாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். என் இருமல் மட்டும் எப்படியோ கேட்டுவிட்டது. தோட்டத்துக்கு இறங்கிக் கற்பூரவள்ளி இலை பத்து கிள்ளிக்கொண்டு வந்து, "அமெரிக்காவுல குளிர்ல திரிஞ்சா இப்படித்தான்" என்று கஷாயம் வைத்தாள். நான் குடித்தேன். அப்பா சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.